பாராசூட் என்னும் வான்குடை

விடுமுறைக்குக் கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் மகன் பாலிதீன் பையைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் நூல் கட்டி, கீழே ஒரு கூழாங்கல்லைத் தொங்கவிட்டு, மாடியிலிருந்து வளவுக்குள், அதாவது வீட்டு நடுமுற்றத்துக்குள், எறிந்துகொண்டிருந்தான். "பாராசூட் அப்பத்தா!" என்று கத்தினான். அம்மாவுக்குப் பாராசூட் என்றால் நீல டப்பாவில் வரும் தேங்காயெண்ணெய்தான். "குடை மாதிரியில்ல இருக்கு, குடைன்னே சொல்லுப்பா" என்றார்.

சொல்லின் பிறப்பைத் தேடிப் போனால், அம்மா சொன்ன இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்.

பாராசூட் பிரெஞ்சுச் சொல். 'பாரா' என்பது காத்தல், தடுத்தல் என்னும் பொருளுடைய இத்தாலிய வினையிலிருந்து வந்தது. 'பாராமெடிக்கல்' என்பதில் உள்ள கிரேக்கப் 'பாரா' வேறு, இது வேறு. 'சூட்' என்றால் விழுதல். ஆக, விழாமல் காப்பது. பிரெஞ்சில் வெயிற்குடைக்குப் பாராசோல், மழைக்குடைக்குப் பாராப்ளுயி என்று பெயர். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்தச் சொல்லை உருவாக்கியவர் லூயி செபஸ்தியன் லெனார்மான். முதலில் இரண்டு குடைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்திலிருந்து குதித்துப் பார்த்தார். அப்புறம் 1783 டிசம்பர் 26 அன்று, மரச்சட்டம் வைத்த 14 அடிக் குடையோடு மோம்பெலியே நகர வானாய்வகக் கோபுரத்திலிருந்து குதித்தார். தீப்பிடித்த கட்டடத்தில் சிக்கியவர்கள் தப்பிக்க உதவும் என்பது அவர் எண்ணம்.

அதை வானத்துக்கே கொண்டுபோனவர் ஆந்திரே ஜாக் கார்னரென். விமானம் வருவதற்கு நூறாண்டுக்கும் முன்னால், 1797 அக்டோபர் 22 அன்று, பாரிசில் ஹைட்ரஜன் பலூனில் ஏறினார். பலூனுக்கும் அவர் நின்ற கூடைக்கும் நடுவே, மடக்கிய குடை ஒன்று காம்போடு தொங்கியது. சுமார் 3,000 அடி உயரத்தில் கயிற்றை அறுத்துவிட்டார். அந்தக் கையின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. குடை விரிந்தது. ஆனால் கூடை ஊஞ்சல்போலப் பேயாட்டம் ஆடியது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு பக்கம் வழிந்து, உடனே மறுபக்கம் வழிந்ததுதான் காரணம். காயமில்லாமல் தரையிறங்கினார். பிறகு உச்சியில் ஒரு துளை விட்டார்கள், ஆட்டம் அடங்கியது.

மகனுடைய பையும் அப்படித்தான் ஆடி ஆடித் தூணில் போய் இடித்தது. ஊதுபத்தி நெருப்பால் உச்சியில் பட்டாணி அளவு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். நேராக நடு வளவில் இறங்கியது.

1799இல் கார்னரெனின் மாணவி ஜான் லாப்ரோஸ் குதித்தார். இப்படிக் குதித்த முதல் பெண் அவர்தான். நம் பிள்ளைகளுக்கு இவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

சரி, தமிழில்? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வீழ்காப்பு' என்று வரும். பொருள் சரிதான், ஆனால் நாக்கில் ஒட்டவில்லை. வழக்கில் உள்ள 'வான்குடை'யே என் தேர்வு. பிரெஞ்சுச் சொல்லில் மறைந்துபோன குடை இதில் கண்ணுக்குத் தெரிகிறது. வினைகளும் தேடாமல் கிடைக்கின்றன: வான்குடை விரிந்தது, வான்குடையை மடக்கினான். பாராட்ரூப்பர் என்பவர் வான்குடை வீரர். எண்ணெய் டப்பாவில் இருப்பது வணிகப் பெயர். அது அப்படியே இருக்கட்டும்.