கூட்டாளியைச் சாய்த்த குணப்படுத்தும் மந்திரம்

வார இறுதிகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு டேபிள்டாப் கேம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் ஆடும் பகடை விளையாட்டு) நடத்திக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருபவரிடம் முதலில் கேட்பது, "இதற்கு முன் எந்தப் பதிப்பு ஆடியிருக்கிறீர்கள்?" என்பதுதான். மேசையில் நடக்கும் பாதிச் சண்டை அதில்தான் தொடங்குகிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கேமின் 3ஆம் பதிப்பு (2000) ஆடிப் பழகியவருக்குக் 'க்யூர்' மந்திரம் ஓர் ஆயுதம். காயம் ஆற்றும் கை சோம்பி (நடமாடும் பிணம்) மேல் பட்டால் அதற்கு அடி. காயப்படுத்தும் 'இன்ஃப்ளிக்ட்' பட்டால் அதற்குத் தெம்பு. அதே நினைப்பில் 2014இல் வந்த 5ஆம் பதிப்பில் 'க்யூர் ஊண்ட்ஸ்' போட்டால் சோம்பிக்கு ஒன்றும் ஆகாது, மந்திரம்தான் வீண். 2024 புத்தகத்தில் அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். எழுதியிருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டால் சோம்பிக்கும் காயம் ஆறும். எனக்கென்னவோ பழைய முறைதான் பிடிக்கும்.

இதே வகையைச் சேர்ந்த வேறொரு கேமான பாத்ஃபைண்டரின் 2ஆம் பதிப்பு (2019) பழைய வழியிலேயே போகிறது. அங்கேதான் நான் சறுக்கினேன். குழுவில் ஒருவர் டாம்பிர், அதாவது வாம்பயர் வழி வந்தவர். உயிரோடு இருப்பவர்தான், ஆனால் மந்திர சிகிச்சை மட்டும் அன்டெட்டுக்கு (சோம்பி, எலும்புக்கூடு போலச் செத்தும் நடமாடுபவை) போலத் தலைகீழாக வேலை செய்யும். எலும்புக்கூடுகள் சூழ்ந்துகொண்டன. க்ளெரிக் (மந்திரத்தால் குணப்படுத்தும் பூசாரி) தன் முறைக்குரிய மூன்று ஆக்‌ஷனையும் செலவழித்து 'ஹீல்' போட்டார். சுற்றி 30 அடிக்குள் உயிருள்ளோருக்குக் குணம், அன்டெட்டுக்கு அடி. பகடையில் 17 பாயிண்ட். எலும்புக்கூடுகள் உதிர்ந்ததும் மேசையில் ஒரே ஆரவாரம். அப்புறம்தான் ஓரத்தில் 12 உயிர்ப் பாயிண்டோடு நின்ற டாம்பிரைப் பார்த்தோம். அடியைத் தாங்கப் போடும் ஃபார்டிட்யூட் பகடையும் காலை வாரியது. ஆள் சுருண்டுவிட்டார்.

"காப்பாற்றத்தானே போட்டேன்!" என்றார் க்ளெரிக். தவறு அவருடையதல்ல, என்னுடையது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் கேரக்டர் உருவாக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: அடிபட்டால் உங்களை யார், எதை வைத்துத் தேற்றுவார்? டாம்பிருக்கு மருந்துக் கட்டுப் போட்டால் குணமாகும். கடையில் வாங்கும் சாதாரண ஹீலிங் போஷன் உதவாது. காயப்படுத்தும் 'ஹார்ம்' மந்திரம் உதவும், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்த வாரம் அந்த க்ளெரிக் ஒரு 'ஹார்ம்' தயார் செய்துகொண்டு வந்தார். ஷீட்டில் அதன் பக்கத்தில் டாம்பிரின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்.