மருந்து அடித்தும் புழு அசைகிறதா? கொஞ்சம் பொறுங்கள்

பூச்சியின் ஒரு மரபணுவை வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்தான மரபணு அடக்கத் தெளிப்பைப் பற்றிப் பேசினால் என்னிடம் முதலில் வரும் கேள்வி, 'நம் மரபணு மாறிவிடாதா?' என்பதுதான். மாறாது. அது பூச்சியின் மரபணுவைக்கூட மாற்றுவதில்லை. புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் தூது ஆர்.என்.ஏ.வை மட்டும் வழியில் மடக்குகிறது. தெளிப்பில் இருப்பது இரண்டு இழைகள் கொண்ட ஈரிழை ஆர்.என்.ஏ. இலையோடு சேர்த்துத் தின்ற அதைப் புழுவின் செல்லே சுமார் 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. அவற்றோடு பொருந்தும் தன் சொந்தத் தூதையும் வெட்டிவிடுகிறது. ஈரிழை ஆர்.என்.ஏ.வின் இந்த ஆற்றலை ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ குழுவினர் 1998இல் உருளைப்புழுவில் கண்டறிந்தார்கள். 2006இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதிவு பெற்ற லெட்புரோனா என்ற இவ்வகைத் தெளிப்பு மருந்து, உருளைக்கிழங்குச் செடியை மொட்டையடிக்கும் கொலராடோ வண்டுக்கானது. 50க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்ட வண்டு அது! செல்லில் பழுதான புரதங்களை அகற்றும் அமைப்பின் ஒரு பாகத்தை இம்மருந்து உருவாகவிடாது. கழிவு தேங்கிப் புழு சாகிறது.

ஆனால் உடனே சாவதில்லை. ஆய்வகத் தட்டில் கவனித்தால், முதலில் வழக்கம்போலத் தின்னும். பிறகு இலை விளிம்பில் கடித்த தடம் அப்படியே நின்றுவிடும். புழு நகரும், கால்கள் அசையும். உடல் மட்டும் பருக்காது. பக்கத்துத் தட்டில் மருந்து படாத புழு கொழுத்து நிற்க, இது சுருங்கிக் கிடக்கும். வயலில் இதே புழுவைப் பார்ப்பவர், 'மருந்து வேலை செய்யவில்லை' என்று பழைய பூச்சிக்கொல்லியை மேலே அடித்துவிடுகிறார். பொறிவண்டும் தேனீயும் பிழைக்கட்டும் என்று கூடுதலாகச் செலவழித்ததெல்லாம் அத்தோடு போயிற்று. எண்ண வேண்டியது செத்த புழுவை அல்ல, புதிதாக விழும் கடியை. தெளிப்பதும் புழு சின்னதாக இருக்கும்போதே நடக்க வேண்டும்.

எல்லாப் பூச்சிக்கும் இது எடுபடாது. வண்டினங்களில் நன்றாக வேலை செய்கிறது. காய்ப்புழு போன்ற அந்துப்பூச்சிப் புழுக்களின் குடல் நொதிகள் ஈரிழையைச் சிதைத்துவிடுவதால் பலன் நிச்சயமில்லை. இப்போதைக்கு அவற்றுக்கு இதைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன். மண்ணில் இம்மருந்து சில நாட்களில் சிதைவது நல்லது. இலையிலும் வெயிலில் சிதைவது தலைவலி.

எதிர்ப்புத்திறனும் வராமல் இருக்காது. மக்காச்சோள வேர்ப்புழுவில் ஆய்வகத்திலேயே அதை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். அந்தப் புழுக்களின் குடல் ஈரிழையை உள்ளே எடுப்பதையே நிறுத்திவிட்டது. வேறு மரபணுவைக் குறிவைத்த ஈரிழையும் பயன்படவில்லை. ஆகவே ஒரு தலைமுறைப் புழுவுக்கு இதை அடித்தால், அடுத்த தலைமுறைக்கு வேறு வகை மருந்துக்கு மாறிவிடுங்கள்.