கோன் ஃபில்டர் மாட்டினால் மைலேஜ் கூடுமா?

லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது கார் திணறினால், "ஏர் ஃபில்டரை மாத்துங்க, பிக்கப்பும் வரும், மைலேஜும் வரும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கம்பெனி ஃபில்டரை எடுத்துவிட்டு, காற்றைத் தடையின்றி விடும் கூம்பு வடிவக் கோன் ஃபில்டரை மாட்டச் சொல்வார்கள். பிக்கப் பற்றிச் சொல்வது ஓரளவு சரி. மைலேஜ் பற்றிச் சொல்வது இன்றைய பெட்ரோல் காருக்குப் பொருந்தாது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றைச் சென்சார் அளந்து சொல்ல, இசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் அதற்குத் தக்க பெட்ரோலைத் தெளிக்கிறது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்து இன்னொரு சென்சார் கணக்கைத் திருத்துகிறது. ஆகவே காற்று கூடினால் பெட்ரோலும் சேர்ந்தே கூடும்.

அதோடு, சமதளத்தில் ஓடும்போது எஞ்சினுக்குக் காற்றுப் பஞ்சமே கிடையாது. 1.2 லிட்டர் எஞ்சின் முழு மிதியில், அதாவது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 3,000 லிட்டர் காற்று இழுக்கும். அதே கார் கம்பம்–சின்னமனூர் சாலையில் 2,000 சுற்றில் நிதானமாகப் போனால் 600 லிட்டர் போதும். காற்றோட்டம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் ஃபில்டரும் குழாயும் தரும் தடை இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். முழு மிதியில் 2.5 கிலோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) தடை இருந்தால், இப்போது வெறும் 0.1. அதே நேரத்தில் மிதிக்கு ஏற்பக் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தட்டு, பாதி மூடிய நிலையில், தான் மட்டும் 50 கிலோபாஸ்கல் அளவுக்குக் காற்றைத் தடுத்து நிற்கிறது. கோன் ஃபில்டர் மிச்சப்படுத்தும் அந்த 0.1-ஐத் தட்டு ஒரு மயிரிழை கூடுதலாக மூடி ஈடுகட்டிவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது: ஃபில்டர் அடைத்துக்கொண்டபோது வேகம் எடுப்பது மந்தமானது, பெட்ரோல் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. இசியூ இல்லாமல் கார்புரேட்டரே பெட்ரோலைக் காற்றில் கலந்த காலத்தில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாக இறங்கும். இன்றைய நம்பிக்கை அங்கிருந்து வந்ததுதான்.

முழு மிதியில் மலை ஏறும்போது கோன் ஃபில்டர் இரண்டு மூன்று சதவீதம் சக்தி தரலாம். ஆனால் அந்த இடத்தில்தான் வெப்பம் குறுக்கே வருகிறது. கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டி ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து வெளிக்காற்றை இழுக்கும். மூடியில்லாத கோன் ஃபில்டர் பானட்டுக்குள் சுற்றும் சூட்டை இழுக்கும். காற்று 3 டிகிரி சூடானால் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். வெளியே 35 டிகிரி, ஃபில்டர் வாயில் 65 டிகிரி என்றால் இழப்பு 9 சதவீதம். கிடைத்ததைப் போல மூன்று மடங்கு கையை விட்டுப் போகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (இசியூவின் தகவலைப் படிக்கும் இணைப்பு) ஒரு ரீடரைச் செருகி, மலை ஏற்றத்தில் இன்டேக் வெப்பநிலையை, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டைப் பாருங்கள். செலவு செய்வதற்கு முன்பே விடை தெரிந்துவிடும். உறுமல் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். அந்தச் சத்தம் காலை இன்னும் அழுத்தச் சொல்லும், பெட்ரோல் அங்கேதான் போகும்.

ஃபில்டரோடு சேர்த்துக் காற்றுக் குழாயின் விட்டத்தையும் மாற்றுவது இன்னும் ஆபத்து. காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் தன்மேல் படும் காற்றின் ஓட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 60 மி.மீ. குழாயிலிருந்து அதைக் கழற்றி 70 மி.மீ. குழாயில் பொருத்தினால் பரப்பு 1.36 மடங்காகும், அதே காற்றை நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துக் காட்டும். இசியூ பெட்ரோலைக் குறைக்கும், பிறகு திருத்தப் பார்த்து எல்லையைத் தொடும், செக் எஞ்சின் விளக்கு எரியும். எண்ணெய் தடவும் துணி ஃபில்டரில் எண்ணெய் மிஞ்சினாலும் சென்சார் கம்பியில் படிந்து இதே கோளாறைத் தரும். கழுவியதும் நிழலில் முழுக்கக் காயவைத்து, மடிப்புக்கு ஒரு கோடு மட்டும் எண்ணெய் விட்டு, அது ஊறிப் பரவிய பிறகு மாட்டுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்தால் துணி கிழியும்.

டீசல் வண்டியின் கணக்கு வேறு. அங்கே மிதி தீர்மானிப்பது டீசலை; காற்று எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான். கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் ஃபில்டர் புழுதியால் அடைத்திருந்தால், ஏற்றத்தில் டீசல் எரியாமல் கரும்புகையாக வெளியேறும். ஒரு புதுப் பேப்பர் ஃபில்டர் போட்டாலே இழுவை திரும்பும். டர்போ வண்டி என்றால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப்பையும் பாருங்கள். இணைப்பில் எண்ணெய்க் கசிவும் மிதிக்கும்போது விசில் சத்தமும் இருந்தால், அளந்த காற்று வழியிலேயே வெளியேறுகிறது என்று பொருள்.

குமுளிக்கு மேற்கே ஜூன், ஜூலை மழையில் ஓட்டுபவர்கள் பம்பருக்குள் தாழ்வாக ஃபில்டர் வைக்கும் கிட்டைத் தொடவே கூடாது. தேங்கிய நீரில் அது மூழ்கினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த ஃபில்டர் போட்டாலும் மாதம் ஒருமுறை ஒரு சோதனை செய்யலாம். ஃபில்டருக்கு அப்பால், எஞ்சின் பக்கக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் தெரிந்தால் ரப்பர் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காரவில்லை. அந்தத் தூசிதான் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள்போல் தேய்க்கிறது.