மெக்கோனியம்: நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்

பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்களிடம் நர்ஸ் வந்து, "குழந்தை உள்ளேயே மோஷன் போயிடுச்சு" என்பார். அந்த மோஷன் கேஸ் ஷீட்டில் ஏறும்போது மெக்கோனியம் ஆகிவிடும்.

கிரேக்கத்தில் மேகோன் என்றால் கசகசாச் செடி. மேகோனியோன் அதன் சாறு, அதாவது அபினிப் பால். கறுத்துப் பிசுபிசுவென்று இருப்பதால் சிசுவின் முதல் மலத்துக்கும் அதே பெயர் வந்தது. விலங்குகளைப் பற்றி எழுதிய அரிஸ்டாட்டில், பெண்கள் வழங்கும் சொல் என்றே இதைக் குறிப்பிடுகிறார். பேறு பார்த்தவர்களின் பேச்சிலிருந்துதான் மருத்துவ நூலுக்குப் போயிருக்கிறது.

நம் பாட்டிகள் இதைக் காட்டுப்பீ என்பார்கள். "காட்டுப்பீ போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அகராதியிலும் உள்ள சொல்தான். பீ என்று எழுதக் கூச்சமாக இருப்பதால் பலர் 'முதல் மலம்' என்கிறார்கள், சரி, தவறில்லை. 'கருமலம்' மட்டும் வேண்டாம். இரத்தம் கலந்து கறுப்பாகப் போகும் மலத்தோடு குழம்பும்.

பனிக்குட நீர், உதிர்ந்த தோல் செல்கள், சிசுவின் உடலிலுள்ள மெல்லிய பூனைமுடி, பித்தம், சளி எல்லாம் சேர்ந்ததுதான் காட்டுப்பீ. வழக்கமாகப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போய்விடும். கருப்பையில் ஆக்சிஜன் குறைந்தால் சில குழந்தைகளுக்கு ஆசனவாய்த் தசை தளர்ந்து உள்ளேயே வெளியேறுகிறது. அதே தவிப்பில் குழந்தை மூச்சை இழுக்க, கலங்கிய நீர் நுரையீரலுக்குள் போகிறது. இதற்குத்தான் மெக்கோனியம் ஆஸ்பிரேஷன் என்று பெயர்.

"அழுக்குத் தண்ணியைக் குடிச்சிடுச்சு" என்று வீட்டில் சொல்வது பாதிதான் சரி. பனிக்குட நீரைக் குடிப்பது எல்லாச் சிசுவும் செய்வது, அதில் கெடுதல் இல்லை. இது மூச்சுக்குழல் வழியே போனது. அதற்கு நம்மிடம் கச்சிதமான வினை இருக்கிறது: புரையேறுதல். ஆஸ்பிரேஷனைக் 'காட்டுப்பீப் புரையேற்றம்' என்று சொன்னால் எந்த வழியில் போனது என்பதும் சேர்ந்தே விளங்கும். 'உறிஞ்சல்' என்று சில இடங்களில் பார்க்கிறேன். அது சக்‌ஷன் போட்டுக் குழாயால் வெளியே எடுப்பதுபோல் ஒலிக்கிறது.

உள்ளே போன பிசின் சிறு மூச்சுக்குழல்களை அடைக்கும். நுரையீரல் சுருங்கிவிடாமல் காக்கும் சர்ஃபக்டன்டைக் கெடுக்கும். சில இடங்களில் காற்று உள்ளே போய் வெளிவர முடியாமல் தேங்கி, நுரையீரல் கிழியவும் செய்யும். அப்புறம் நுரையீரல் இரத்தக்குழாய்கள் இறுகிக்கொண்டால் இரத்தம் ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளாமலே உடலைச் சுற்றும். பி.பி.எச்.என். என்பது இதுதான்; தமிழில் 'பிறந்த சிசுவின் நீடித்த நுரையீரல் இரத்தக்குழாய் உயரழுத்தம்' என்று நீட்டித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆக்சிஜன் குறைவு மூளையையும் தாக்கியிருந்தால், நிறைமாதக் குழந்தைக்குக் குளிர்விப்புச் சிகிச்சை உண்டு. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குள் 72 மணி நேரம் வைத்திருப்பார்கள். "ஜில்லுனு வெச்சதாலதான் சளி கட்டிக்கிச்சா?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. சளியும் இல்லை, குளிரால் வந்ததும் இல்லை. மூளைக்கும் நுரையீரலுக்கும் அடி விழுந்தது பெரும்பாலும் ஒரே மூச்சுத்திணறலில்தான். ஆனால் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு: குளிர்ச்சி நுரையீரல் இரத்தக்குழாய்களை இன்னும் இறுக்கக்கூடும். உயரழுத்தம் ஏற்கெனவே இருந்தால் ஆக்சிஜன் தேவை கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், இரத்தத்தில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் எவ்வளவு என்று பார்க்கும் இரத்த வாயுப் பரிசோதனையில் இருக்கிறது. இயந்திரம் இரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் அளக்கும். குளிர்விக்கப்பட்ட குழந்தையின் உண்மையான வெப்பத்தை அதில் பதிவு செய்யாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி வென்டிலேட்டரை வேகப்படுத்தினால் அந்த வாயு அளவுக்கு மீறிக் குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தமும் குறையும்.