ஸ்பீக்கர் கேபிள்: கம்பி இல்லை, வடம்

"பேச்சாளர் கம்பி, 2.5 மிமீ, 10 மீட்டர்." இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் இப்படியொரு சரக்கு விற்பனைக்கு இருக்கிறது. மேடைப் பேச்சாளரைக் கட்டிப்போடுவதற்கு என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள்தான். பேச்சாளர் எந்திர மொழிபெயர்ப்பின் கைவரிசை, சிரித்துவிட்டுப் போகலாம். கம்பி அப்படியில்லை. தமிழ் தெரிந்த மனிதர்களே யோசித்து, சரி என்று நம்பி எழுதுகிறார்கள்.

கேபிளின் பூர்வீகம் கயிறு. பிற்கால லத்தீனில் கால்நடையைக் கட்டும் கயிற்றுக்குக் 'கபுலம்' என்று பெயர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கப்பலின் நங்கூரக் கயிறானது. கடலடியில் தந்திக்காக உறை போட்ட செம்பை இறக்கியபோது அதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் கதை.

தமிழில் அந்த இடத்துக்கு வடம் காத்துக்கொண்டிருக்கிறது. தேருக்கு வடம் பிடிக்கிறோம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மாட்டை நீளக் கயிற்றில் கட்டி விடுவதை வடமாடு என்கிறோம். மலையாளத்தில் கயிறு இழுக்கும் போட்டிக்கு வடம்வலி என்று பெயர். முத்துக் குளித்த கரை இந்த ராமநாதபுரம். இங்கே கோத்த முத்தும் வடம்தான். பல இழை சேர்ந்து ஒன்றாகி, வளைந்து கொடுத்து, ஒரு முனையை இன்னொரு முனையோடு பிணைப்பது வடம். ஸ்பீக்கர் கேபிளை உறை உரித்துப் பாருங்கள்: தலைமுடி போன்ற செம்பு இழைகள் முறுக்கிக் கிடக்கும். வேறு விளக்கம் எதற்கு?

கம்பியோ ஒற்றை உலோகம், விறைப்பானது. ஜன்னல் கம்பி, கட்டுக்கம்பி, சிறையில் எண்ணும் கம்பி. கம்பி என்று படித்தவர் கடையில் போய் ஒற்றைக் கம்பியாக இருக்கும் ஒயரைக் கேட்டு வாங்கிவிடுகிறார். ஒலியில் குறை வராது, மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தூசி தட்ட ஸ்பீக்கரை நாலு முறை நகர்த்தினால், உறை முடிந்து செம்பு தொடங்கும் இடத்தில் கம்பி பட்டென்று முறியும்.

'மின்கம்பி இருக்கிறதே' என்பார்கள். இருக்கட்டும். கம்பத்துக்குக் கம்பம் உறையில்லாமல் ஓடுவதற்கு அந்தச் சொல் ஊன்றிப்போய்விட்டது, பிடுங்க வேண்டாம். சண்டை, கேபிளைக் 'கம்பிவடம்' என்று எழுதுவதோடுதான். வடம் என்றால் மக்கள் தேர்க்கயிறு என்று நினைத்துவிடுவார்களாம், அதனால் முன்னால் கம்பி வேண்டுமாம். சரி, அப்படியானால் உண்மையான கம்பிவடத்துக்கு என்ன பெயர் வைப்பது? எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த கயிறு என ஒன்று உலகத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி செங்குத்தாக மேலே போகிறதே, எதிர் எடைகளோடு அதைப் பிணைத்துத் தூக்கிப் பிடிப்பது அந்தக் கயிறுதான். கம்பிவடம் என்ற பெயருக்கு முழு உரிமை அதற்கு. அதே பெயரை டிவி கேபிளுக்கும் ஸ்பீக்கர் கேபிளுக்கும் கொடுத்தால் பாலத்துக்கு எதுவும் மிஞ்சாது. செய்தித்தாள்கள் இன்னும் ஒரு படி மேலே: 'புதைவட மின்கம்பி'. புதைவடம் என்று நிறுத்தியிருந்தால் அழகான சொல். அந்த ஒரு சொல்லில் நிற்கத் துணிவில்லை, வாலில் கம்பியைக் கட்டியே ஆக வேண்டும்.

முன்சொல்லிலும் வம்பு உண்டு. ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் அதை ஒலிக்க மட்டுமே செய்கிறது. ஆனால் ஒலிபெருக்கி என்றால் ஸ்பீக்கர் என்று ஊர் முடிவு செய்துவிட்டது, பாடநூல் பெருக்கி என்று ஆம்ப்ளிஃபயரைச் சொல்கிறது. இரண்டும் பிழைத்துப் போகட்டும். ஆகவே ஒலிபெருக்கி வடம். நீளமாக இருக்கிறது என்று 'ஒலிவடம்' ஆக்குவது ஆபத்து. மைக் கேபிளும் ஒலிவடம்தானே! அதன் உள் இழைக்கட்டு பெரும்பாலும் 0.22 சதுர மிமீ. பத்து மீட்டர் தூரத்துக்கு அதை ஸ்பீக்கரில் மாட்டினால், போக வர 20 மீட்டரில் ஏறக்குறைய 1.6 ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சக்தியில் ஆறில் ஒரு பங்கு வடத்திலேயே சூடாகிப் போய்விடும்.

வடத்தின் தடை ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. இழைச் செம்பில் 1.5 சதுர மிமீ என்றால் மீட்டருக்கு 0.0133 ஓம், 2.5 என்றால் 0.008. போக வர இரண்டு மடங்கு போட்டுப் பார்த்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மிமீ வடம் 15 மீட்டர் வரை தாங்கும், 4 ஓமுக்கு அதில் பாதி. சாதாரணக் கூடத்துக்கு இதற்கு மேல் செலவழிப்பது காசுக்குப் பிடித்த கேடு. இங்கும் ஒரு சொல் வழுக்குகிறது: கடையில் 'ரெண்டரை எம்எம்' என்பது சதுர மிமீ. விட்டம் என்று எடுத்துக்கொண்டால் 4.9 சதுர மிமீ ஆகிவிடும். கேஜ் என்ற தடிமன் எண் கணக்கிலும் அமெரிக்க 14 என்பது 2.08 சதுர மிமீ, பழைய பிரிட்டிஷ் 14 என்பது 3.24. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் '14 கேஜ்' என்றே எழுதி வைக்கிறார்.

மண்டபம், பாம்பன், கீழக்கரை வீடுகளில் தடிமனைவிட முனைதான் தலைவலி. உப்புக்காற்றில் செம்பு இழையில் பச்சையாகக் களிம்பு ஏறும். பித்தளைப் பாத்திரத்துக்குச் சொல்லும் அதே களிம்புதான். 'ஆக்சிஜனேற்றப் படலம்' என்று மெனக்கெட வேண்டாம். பச்சை தெரிந்தால் சுரண்டாதீர்கள். வெட்டிவிட்டு, பளபளக்கும் செம்பு வரும்வரை உறையை உரியுங்கள். இரண்டு மூன்று செ.மீ. கூடுதல் நீளம் எப்போதும் விட்டு வைத்தால் இது சுலபம். வெள்ளீயம் பூசிய இழை கிடைத்தால் இந்தக் கரைக்கு அதுவே மேல். முறுக்கிய முனையிலிருந்து ஒரு பிசிறு பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பைக் கறுப்பில் மாற்றி மாட்டினால் பேஸ் என்னும் அடியொலி காணாமல் போகும்.

கடைசியாக 'செப்பு அலுமினிய வடம்'. படித்தால் கலப்பு உலோகம் போலத் தோன்றும். உள்ளே இருப்பது அலுமினியம், மேலே செம்பு மெல்லிய தோல். செம்பு போர்த்திய அலுமினியம் என்றல்லவா எழுத வேண்டும்? தடை செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, கையில் எடுத்தால் எடை தெரியாது, கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். வெட்டிய முனையில் இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்க, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். 'போர்த்திய' என்ற ஒரு சொல்லை விழுங்கியவருக்கு இது தெரியாது. வாங்கியவருக்கு ஸ்பீக்கர் கரகரக்கும்போது தெரியும்.