அனலைசருக்கு வந்து சேரும் முன் ரத்தத்துக்கு என்ன ஆகிறது?

மதுரையில் இன்று எந்தப் பெரிய லேபுக்குப் போனாலும் ரத்தத்தைத் தானே பரிசோதிக்கும் கருவியான ஆட்டோ அனலைசர்தான் வேலை பார்க்கிறது. டியூபை வைத்தால் போதும். பார்கோடைப் படித்து, வேண்டிய அளவு உறிஞ்சி, ரிசல்ட்டை கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். 1957-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லெனார்ட் ஸ்கெக்ஸின் கருவியிலிருந்து நெடுந்தூரம் வந்துவிட்டோம். நோயாளியின் பழைய ரிசல்ட்டோடு ஒப்பிட்டு, சந்தேகமானதை மட்டும் நிறுத்திவைத்து, மற்றதைத் தானே வெளியிடும் மென்பொருளும் இப்போது இருக்கிறது.

சரி, நல்லதுதான். என் கவலையெல்லாம் டியூப் வந்து சேரும் வழியைப் பற்றித்தான்.

உசிலம்பட்டியிலோ மேலூரிலோ காலையில் எடுத்த ரத்தம், வண்டி பிடித்து மதுரை வந்து சேர மதியமாகிவிடுவதுண்டு. டியூபுக்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அணுக்களைத் திரவத்திலிருந்து பிரிக்காமல் வைத்தால் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. வெறும் வயிற்றில் குளுக்கோஸ் 126 மி.கி./டெ.லி.-ஐத் தொட்டாலே சர்க்கரை நோயாக இருக்கலாம் என்று பார்க்கிறோம். 140 இருந்தவருக்கு மூன்று மணி நேரம் கழித்து 120-க்குக் கீழே காட்டினால், அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். சாம்பல் மூடி டியூபில் இதைத் தடுக்க ஃபுளோரைடு இருக்கிறதே என்பார்கள். அது முழுதாக வேலை செய்யவே ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும்.

அப்புறம் இன்னொரு பழக்கம். சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதவில்லை என்றால் ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிடுவது. ரத்தம் உறையாமலிருக்க ஊதா டியூபில் போட்டிருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ. ரிசல்ட்டில் பொட்டாசியம் எகிறும், கால்சியம் அதல பாதாளத்துக்குப் போகும். சிவப்பணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் ஏறும், ஆனால் அதை அனலைசர் சீரத்தின் (அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் திரவத்தின்) நிறத்தை வைத்தே சொல்லிவிடும். இந்தக் கலப்பு நிறத்தில் தெரியாது. சிறுநீரக நோயாளி ஒருவருக்கு அப்படி ரிசல்ட் போனால், பொட்டாசியத்தைக் குறைக்கத் தேவையே இல்லாத அவசர சிகிச்சை தொடங்கிவிடும்.

அதனால், அடுத்த பணத்தை ரோபோவில் போடுவதற்கு முன் கலெக்‌ஷன் சென்டரில் போடுங்கள் என்பேன். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜ், வெப்பநிலையைப் பதிவு செய்யும் குளிர்பெட்டி, ரத்தம் எடுக்கும் இடத்திலேயே டியூபில் ஒட்டும் பார்கோடு. கருவியே ஊருக்குப் போவது இன்னும் நல்லது. காசநோயைக் கண்டறிய கோவா நிறுவனம் ஒன்று தயாரிக்கும் ட்ரூநாட், பேட்டரியிலேயே ஓடும் சிறு கருவி, அப்படித்தான் போனது.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா? டியூபில் உங்கள் பெயர் ஒட்டும்வரை இருந்து பாருங்கள். டியூப் எத்தனை மணிக்கு மதுரைக்குக் கிளம்பும், அதற்குள் பிரித்துவிடுவார்களா என்று கேளுங்கள். நல்ல டெக்னீஷியன் யாரும் கோபப்பட மாட்டார்.