கல்லீரல் நீர்க்கட்டியில் ஊசி குத்தும் முன்

"ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு வந்திருக்கு டாக்டர், ஊசி போட்டுத் தண்ணியை உறிஞ்சிட்டா போதுமாமே?" என்று கேட்பவர்களுக்குப் பொறுமையாகத்தான் பதில் சொல்லி வந்தேன். இப்போது வந்தவரோ வேறோர் இடத்தில் ஏற்கெனவே உறிஞ்சிவிட்டு, வயிறெங்கும் சிறு கட்டிகளோடு வந்திருக்கிறார். என்ன கட்டி என்று பார்க்காமலே குத்தியிருக்கிறார்கள். ஆத்திரமாக வருகிறது.

கல்லீரல் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை, தொடவே வேண்டாம். ஹைடாடிட் கட்டி அப்படியல்ல. நாயின் குடலில் வாழும், சில மில்லிமீட்டரே நீளமுள்ள எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் இளம்பருவம் அது. உள்ளே தெளிவாகத் தெரிவது வெறும் தண்ணீர் இல்லைங்க! கட்டியின் உட்சுவர் உயிருள்ள படலம்; அதிலிருந்து சின்னச் சின்னப் பைகள் அரும்பும், ஒவ்வொரு பைக்குள்ளும் புழுத்தலைகள் மொட்டுவிடும். இதற்கு இனச்சேர்க்கையே தேவையில்லை, ஒரே முட்டையிலிருந்து வந்த கட்டிக்குள் ஆயிரக்கணக்கான தலைகள் உருவாகலாம். பைகள் உடைந்து இவை அடியில் படிவதை நாங்கள் ஹைடாடிட் மணல் என்போம். அந்தத் தலையை நாய் தின்றால் அதன் குடலில் முழுப் புழுவாகும், நம் வயிற்றுக்குள் சிந்தினால் புதுக் கட்டியாகும். சிந்திய நீரால் கடும் ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஊசி வழிச் சிகிச்சையே இல்லையா? இருக்கிறது. கட்டியின் நிலை பார்த்து, அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தைத் தொடங்கி, உள்ளே தலைகளைக் கொல்லும் மருந்து செலுத்தி, அவசரத்துக்குத் தயாராக இருந்து செய்வது. கண்டபடி குத்துவது அல்ல.

அப்புறம், "நான் கறியே தொடமாட்டேன், எனக்கு எப்படி?" என்கிறார்கள். கறியால் வருவதில்லை. நாயின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் கை, மண், கழுவாத கீரை வழியாக வாய்க்குள் போகின்றன. ஆடும் நம்மைப் போலத்தான் மாட்டிக்கொள்கிறது.

நாய் வளர்க்கிறீர்களா? கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பிரசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்தைக் கொடுங்கள். ஆடு மாடுகளின் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடவே போடாதீர்கள், அவற்றில் இந்தக் கட்டி இருக்கலாம். நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சானிடைசரை நம்பாதீர்கள், இந்த முட்டைகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை.

ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களே, தயவுசெய்து ஸ்கேனுக்கு வருவதை நிறுத்தாதீர்கள். சிந்திய ஒரு புழுத்தலை, எந்த வலியும் தராமல் பல வருடம் வளரும்.